பிரேக்கை விடும் சொல்

எங்கள் வீட்டில் இப்போது யாரும் ‘சரி’ என்று சொல்வதில்லை. சிரிக்காதீர்கள். ஒரே ஒரு நாள் அந்தச் சொல் இல்லாமல் தமிழ் பேசிப் பாருங்கள், அப்புறம் தெரியும் சங்கதி. போனை வைக்க முடியாது. கடையில் பேரம் படியாது. பெண்டாட்டியோடு போடுகிற சண்டையைத் தொடங்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது. நாங்கள் ‘ம்’ என்கிறோம், ‘ஆகட்டும்’ என்கிறோம், மிஞ்சிப் போனால் ‘ஓகே’. என் மச்சான் மட்டும் எப்போதாவது வாய் தவறி, “சரி, நான் கிளம்பறேன்” என்பார். சொன்ன மறுகணமே செருப்பைத் தேடுகிற சாக்கில் வாசலுக்குப் போய்விடுவார்.

யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவல்ல இது. தானாக நின்றுபோனது. ஏன் நின்றது என்று சொல்கிறேன்.

என் மனைவி டவுன் பஸ் ஓட்டுநர். டிப்போவில் அவளுக்கு ‘ஹார்ன்’ என்று பெயர். ஒரு நாள் பஸ்ஸின் ஹார்ன் வேலை செய்யவில்லை என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தியபடியே முழு டிரிப்பையும் ஓட்டி முடித்தவள். நான் டிப்போவுக்குப் பின்சந்தில் சைக்கிள் பட்டறை வைத்திருந்தேன். பஞ்சர் ஒட்ட வந்தாள். ஒட்டிய இடத்திலேயே மறுபடி காற்று இறங்குகிறது என்று சண்டைக்கு வந்தாள். இறங்காத பிறகும் வந்தாள். அப்படித்தான் எங்கள் கல்யாணம் ஆனது. நாலு பேர் முன்னால் என்னை ‘ஏங்க’ என்பாள், மரியாதை வழியும். சைக்கிளில் ஏறிவிட்டால் ‘யோவ்’தான்.

கல்யாணமான புதிதில் நானே இரண்டு கிராவல் சைக்கிள் பூட்டினேன். ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த கைப்பிடி, ஆனால் டயர் தடிமன். ஜல்லியிலும் மண்ணிலும் அது பாட்டுக்கு ஓடும். கடைசி பஸ் நிறுத்தத்தைத் தாண்டினால் தார் ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து கடலோரக் குன்றின் விளிம்பிலேயே ஒரு ஜல்லிப் பாதை போகிறது. எந்தக் காலத்திலோ கல் எடுக்கப் போன வண்டிகள் போட்ட தடம். இடது பக்கம் நேர் கீழே கடல். வலது பக்கம் புல்லும் முள்ளும், சில இடங்களில் நேர்க்குத்தான பாறை. அழகான இடம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்கிறேன், எனக்கு வர்ணிக்க வராது. அவளுடைய வார விடுமுறை நாட்களில் நாங்கள் வேறெங்கும் போனதில்லை.

வீட்டுக்குள் நாங்கள் ஒன்றும் பிரமாதமான ஜோடி இல்லை. அவள் பேசினால் நான் பேப்பர் படிப்பேன். நான் பேசினால் அவள் பாத்திரம் தேய்ப்பாள். அந்தப் பாதையில்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டி. அதை விட்டால் எங்களுக்குள் என்ன மிஞ்சும் என்று இரண்டு பேருக்கும் பயம் இருந்தது. அதை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

பிறகு என் கண் போக ஆரம்பித்தது. முதலில் ஓரங்கள் போயின. பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியமாட்டார், எதிரே இருக்கிற திருகாணி தெரியும். ஒரு குழாய்க்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி. கொஞ்ச நாளில் அந்தக் குழாயும் புகைய ஆரம்பித்தது. கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இதுக்கு மருந்து கிடையாதுங்க. எவ்வளவு தூரம் தாங்குதுன்னு பாக்கலாம்” என்றார்.

“யாரு பாக்கறது?” என்று கேட்டேன்.

ஹார்ன் என் தொடையில் கிள்ளினாள். வெளியே வந்ததும் அவள்தான் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வாசலில் இருந்த காவலாளி வேறு, “படி இருக்கு, பாத்துப் போங்க சார்” என்றார். பாவம், அவர் எல்லாரிடமும் சொல்கிறதுதான். அவரையும் திட்டிவிட்டு வந்தேன்.

சைக்கிளை விட்டுவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். மச்சான், அதாவது ஹார்னின் அண்ணன், எலக்ட்ரீஷியன், வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டு ஓதினார். “கண்ணு தெரியாம மலை விளிம்புல உங்களுக்கு என்ன வேலை மாப்ள? விழுந்து தொலைச்சா என் தங்கச்சியை யாரு பாத்துக்கறது?”

விழப்போவது நான் என்றுதான் எல்லாரும் கணக்குப் போட்டார்கள். நான் உட்பட.

ஹார்ன் மட்டும் விடச் சொல்லவில்லை. மச்சான் போன பிறகு, “நான் முன்னாடி போறேன். நீ என் வாயைப் பிடிச்சுக்கிட்டே வா” என்றாள்.

அப்படித்தான் எங்கள் பாஷை உருவானது. அவள் முன்னால், நான் பின்னால். ‘குழி’ என்றால் குழி. ‘மணல்’ என்றால் கைப்பிடியை இறுக்காமல் சைக்கிளை அதன் போக்கில் விட வேண்டும். ‘சுவர்’ என்றால் வலது முழங்கை பாறையை உரசுகிற அளவுக்கு ஒதுங்க வேண்டும். ‘சரி’ என்றால் பாதை சுத்தம், பிரேக்கை விடு. நான் பதிலுக்கு ‘சரி’ என்று கத்த வேண்டும். அப்போதுதான் எனக்குக் கேட்டது அவளுக்குத் தெரியும். பதில் வராவிட்டால் கால் ஊன்றி நின்றுவிடுவாள். கண்டக்டர் விசில் கொடுக்காமல் வண்டியை எடுக்காதவள், அந்தப் பழக்கம் எங்கே போகும்?

நான் இன்னொரு வேலையும் செய்தேன். மிதிப்பதை நிறுத்தினால் சில சைக்கிள்களின் பின்சக்கரம் டிக் டிக் என்று சத்தம் போடும், கேட்டிருப்பீர்கள். இருப்பதிலேயே சத்தமான ஒன்றைத் தேடிப் பிடித்து அவள் சக்கரத்தில் மாட்டினேன். இறக்கத்தில் அவள் மிதிக்காமல் போவாள், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நான் போவேன். ஏற்றத்தில் மிதிப்பாள், சத்தம் நின்றுவிடும். சத்தம் இல்லையென்றால் அவள் மேலே ஏறிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று அப்போது எனக்கு ஒரே பெருமை.

அவள் எப்போதும் கடல் பக்கமாகவே ஓட்டினாள். எனக்குப் பாறைப் பக்கம். அதை ஒரு நாளும் அவள் சொல்லிக்காட்டியதில்லை. நானும் கேட்டதில்லை.

பாதையில் ‘கழுத்து’ என்று நாங்கள் பெயர் வைத்த ஒரு இடம் உண்டு. வலது பக்கம் பாறை சுவராக எழும்பும், இடது பக்கம் ஒன்றும் இருக்காது, நடுவில் ஒரு வண்டி அகலத்துக்குப் பாதை. சடாரென்று இறங்கி, உடனே நீளமாக ஏறும். ஏற்றம் முடிகிற இடத்தில் ஒரு பெஞ்சு. அங்கே தரையில் சிமெண்ட் போட்டிருப்பார்கள், டயர் சத்தம் மாறுவதை வைத்து வந்துவிட்டோம் என்று எனக்குத் தெரியும். கழுத்தில் காற்று கீழேயிருந்து வரும். கடலிலிருந்து ஏறி, பாறையில் முட்டி, பேசுகிறவர் வாயிலிருந்தே சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போகும். அதனால் அங்கே மட்டும் அவள் கொஞ்சம் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு, முழுத் தொண்டையில் ‘சரி’ கொடுப்பாள்.

கடல் அடியில் அரிக்கிறது, விளிம்பில் போகாதீர்கள் என்று ஒரு பலகை வைத்திருந்தார்கள். முதல் மழைக்கு விழுந்தது அந்தப் பலகை நின்ற இடம்தான். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

அன்று காலை கிளம்பும்போதே சண்டை. அவள் டீயை ஆற்றிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள். மெதுவாக ஆரம்பித்தாலே ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

“ரெண்டு பேர் ஓட்டற சைக்கிள் இருக்குல்ல, அது ஒண்ணு வாங்கலாமா? நான் முன்னாடி, நீ பின்னாடி.”

“பின்னாடி என்ன பண்றது? மூட்டை மாதிரி உக்காந்து வரதா?”

“நீயும் மிதிக்கலாம்யா.”

“ஹாண்டில் யாரு கையில?”

“என் கையிலதான். பின்ன, உன் கையிலயா குடுப்பாங்க?”

“அப்ப நீயே ஏறிக்க, நீயே மிதிச்சுக்க, நீயே போய்ச் சேரு” என்றேன். அவள் டம்ளரை நங்கென்று வைத்தாள். அதற்குப் பிறகு ‘குழி’, ‘மணல்’ தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஹார்னுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுவாள். டிப்போ முழுக்க அது தெரியும். அவள் கத்தினால் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள், சும்மா இருந்தால்தான் பயப்படுவார்கள்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது வெளிறிய ஒரு பட்டையும், அதில் அவளுடைய மஞ்சள் சட்டை ஒரு திட்டாகவும், அவ்வளவுதான். காற்று பலமாக இருந்தது. டயருக்கு அடியில் ஜல்லி நொறுங்குகிற சத்தத்தில் பெரிய கல், சின்னக் கல் பிரித்து எண்ணிக்கொண்டே போனேன். கழுத்துக்கு முன்னால், “சுவர்!” என்றாள். ஒதுங்கினேன், முழங்கை பாறையில் உரசியது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சக்கரம் டிக் டிக்கென்று இறங்கியது.

“சரி…” என்று வந்தது அவள் குரல்.

“சரி!” என்று பதில் கத்திவிட்டுப் பிரேக்கை விட்டேன்.

எத்தனை நல்ல இறக்கம் அது தெரியுமா? கண் போன பிறகு எனக்குக் கிடைத்த ஒரே வேகம் அதுதான். முகத்தில் காற்று அறைந்தது, ஜல்லி தெறித்தது, முழங்கை பாறையைத் தொட்டுத் தொட்டு விலகியது. அப்படியே அந்த வேகத்தில் ஏற்றத்தில் பாதி ஏறி, மீதியை மூச்சு முட்ட மிதித்தேன். எதிர்வெயிலில் மஞ்சள் திட்டு கரைந்துவிட்டது, முன்னால் டிக் டிக் சத்தமும் இல்லை. இருக்காதே, அவளும் மிதித்துக்கொண்டிருப்பாள். ஏற்றத்தில் அவள் சக்கரம் எப்போது பேசியிருக்கிறது?

டயர் சிமெண்டில் ஏறியது. இறங்கி, சைக்கிளைப் படுக்க வைத்து, தடவிப் போய் பெஞ்சில் என் பக்கம் உட்கார்ந்தேன். பெஞ்சில் எனக்கு ஒரு பக்கம், அவளுக்கு ஒரு பக்கம் என்று எப்போதும் உண்டு.

“என்ன ஹார்ன், மூச்சு வாங்குதா?” என்றேன்.

பதில் இல்லை. ஓ, இன்னும் பூட்டுத் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இருக்கட்டும், எனக்கும் வீம்பு உண்டு. நானும் வாயை மூடிக்கொண்டு கடல் சத்தத்தைக் கேட்டேன். வெயில் முகத்தில் ஏறியது. சட்டைப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துப் பாதியை நான் தின்றேன். மீதியை அவள் பக்கம் வைத்து, “இந்தா” என்றேன். எடுக்கிற சத்தம் கேட்கவில்லை. சரியான பிடிவாதக்காரி என்று நினைத்தேன். பாருங்கள், அப்போதெல்லாம் அந்தச் சொல் எவ்வளவு சல்லிசாக வந்திருக்கிறது.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று கேட்காதீர்கள். எல்லாரும் கேட்டுவிட்டார்கள். கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். “இங்க பாரு, ரெண்டு பேர் வண்டியே வாங்கித் தொலையலாம். நீ முன்னாடி உக்காரு. ஆனா மணி என் கையில இருக்கணும். நான்தான் அடிப்பேன்” என்றேன்.

அதற்கும் பதில் இல்லை. இந்தப் பேச்சுக்கு அவள் சிரித்திருக்க வேண்டும். எந்தக் கோபத்திலும் இதற்குச் சிரித்திருப்பாள்.

அந்த நேரத்தில் கழுத்துப் பக்கமிருந்து யாரோ ஓடி வருகிற சத்தம். இரண்டு பேர். ஒருவன் தூரத்திலிருந்தே கத்தினான். “சார், அந்தப் பக்கம் போயிடாதீங்க! பாதி ரோடு சரிஞ்சு கிடக்கு. கீழ ஒரு சைக்கிள் தெரியுது.”

“என்ன சைக்கிள்? நாங்க இப்பதான் அந்த வழியா வந்தோம்” என்றேன்.

“நாங்கன்னா யாரு சார்? நீங்க மட்டும்தானே இருக்கீங்க?”

கையைப் பக்கத்தில் நீட்டினேன். பெஞ்சுப் பலகை வெயிலில் சூடாக இருந்தது. கையில் பிஸ்கட் பட்டது.

அவள் சொன்னது ‘சரி’ இல்லை. ‘சரியுது’. கடல் பக்கத்துப் பாதை அவள் சக்கரத்துக்கு அடியில் சரிந்துகொண்டிருந்தபோது முழுத் தொண்டையில் எனக்குச் சொல்லியிருக்கிறாள். காற்று முதல் பாதியை என்னிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தான் வைத்துக்கொண்டது. நான் அவளைத் தாண்டிப் போயிருக்கிறேன். என் டயர் தடம் உடைந்த விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, பாறையை ஒட்டி, கோடு போட்ட மாதிரி போயிருந்ததாம். மீட்க வந்தவர்களில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு நல்ல நேரம் சார்” என்றார். அந்த ஆளின் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

அவள் கீழே ஒரு பாறைத் திட்டில் கிடந்தாள். நினைவு தப்பவில்லை. நான் மேலே ‘சரி’ என்று கத்தியது, என் சக்கரம் கடந்து போனது, எல்லாம் கேட்டிருக்கிறது. எங்கள் ஏற்பாட்டின்படி, பதில் வந்தால் எனக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் நான் ஆள் கூட்டிவரத்தான் போகிறேன் என்று நம்பிக்கொண்டு கிடந்தாள். கத்தவில்லை. கத்துவானேன் என்று மூச்சைச் சேமித்துக்கொண்டு, எனக்காகக் காத்திருந்தாள். நான் மேலே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் முதுகெலும்பு என்றார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்றார்கள். வீக்கம் வடிந்தால்தான் எதுவும் சொல்ல முடியும், பாக்கலாம் என்றார் டாக்டர் அம்மா. மறுபடியும் அதே வார்த்தை. இந்த முறை நான் யார் பாக்கறது என்று கேட்கவில்லை.

ஹார்ன் ஆரம்பத்தில் அதைத் தமாஷாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நர்சுகள் வந்தால் நடித்தே காட்டுவாள். “நான் ‘சரியுது’ன்றேன், இந்த மனுஷன் ‘சரி’ங்கறார்! சரியுதுன்னா சரின்னு எந்தப் புருஷனாவது சொல்வானா?” வார்டே சிரிக்கும். நானும் சிரிப்பேன். மச்சான் மட்டும் சிரிக்கமாட்டார். அவர் வந்து ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த மனிதர் திட்டவே இல்லை. ஆரஞ்சுப் பழத்தை உரித்து உரித்து என் கையிலும் கொடுத்தார். “கவலைப்படாதே, எல்லாம் நல்லபடியா நடக்கும்” என்று தங்கையிடம் ஒரு நாள் சொன்னார்.

“எல்லாம் நடக்கும்ணா. நான்தான் நடக்கமாட்டேன்” என்றாள்.

அன்றைக்கு வார்டு சிரிக்கவில்லை. அந்தத் தமாஷையும் அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. அந்தச் சொல்லும் எங்களிடமிருந்து அப்படியே நழுவிப் போனது.

வீட்டுக்கு வந்தோம். மச்சான் வாசல் படியில் பலகை அடித்துச் சாய்தளம் போட்டார், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்தினார், சுவிட்சுகளையெல்லாம் அவள் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு இறக்கினார். இதற்குள் என் கண்ணில் மிச்சமிருந்த பட்டையும் போய்விட்டது. பகல் இரவு வித்தியாசம் மட்டும் தெரிந்தது. அவளால் நடக்க முடியாது, என்னால் பார்க்க முடியாது. சக்கர நாற்காலியில் அவள் உட்காருவாள், நான் பின்னால் நின்று தள்ளுவேன். “வலது. கதவு. இரு இரு, செருப்பு கிடக்கு. இப்ப நேரா.” சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் அதுதான் எங்கள் சவாரி.

“கடைசியில ரெண்டு பேர் வண்டி வாங்கிட்டோம் பாத்தியா” என்றாள் ஒரு நாள்.

“நான் அன்னைக்கே ஒத்துக்கிட்டேன்.”

“எப்ப ஒத்துக்கிட்டே? வெடுக்குன்னு பேசிட்டுத்தானே வந்தே?”

“பெஞ்சில உக்காந்து சொன்னேன். மணி மட்டும் என் கையிலன்னு சொன்னேன். நீதான் அங்க இல்ல.”

அவள் கையைப் பின்னால் நீட்டி, என் கையைத் தேடி, ஒரு தட்டுத் தட்டினாள். “டீ போடு, போ” என்றாள்.

அவள் சைக்கிள் மட்டும் கைப்பிடி கோணலோடு பிழைத்து வந்திருந்தது. நிமிர்த்தி, கூடத்துச் சுவரில் கொக்கி அடித்து மாட்டினேன். ஒரு தடவை துடைக்கும்போது சக்கரம் தானாகச் சுற்றி டிக் டிக் என்றது. “நிறுத்து அதை” என்று கத்தினாள். ஹார்னின் பழைய கத்தல். வெகு நாள் கழித்து அதைக் கேட்க எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

காலையில் எழுந்ததும் அவள் கால் விரல்களைப் பிடித்துவிடுவது என் வேலை. ஒரு நாள் என் உள்ளங்கையில் அவள் இடது கால் கட்டைவிரல் துள்ளியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“இப்ப நீ அசைச்சியா?”

“இல்லையே. அசைஞ்சுதா?”

“அசைஞ்சுது. சத்தியமா அசைஞ்சுது.”

“இரு, பண்றேன்” என்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினாள். ஒன்றுமில்லை. விட்டுவிட்டு இருவரும் வேறு பேச்சு பேச ஆரம்பித்தபோது மறுபடி துள்ளியது. “பாத்தியா! பாத்தியா!” என்று என் தலைமுடியைப் பிடித்து ஆட்டினாள். நான் எங்கே பார்க்கிறது? ஆனாலும் “பாத்தேன், பாத்தேன்” என்று நானும் கத்தினேன்.

அதற்குப் பிறகு வீடே மாறிவிட்டது. அவள் குரல் ஏறியது. டிப்போவுக்குப் போன் செய்து, என் சீட்டில் யாரை உட்கார வைத்திருக்கிறீர்கள், கியரை ஒடித்துவிடப் போகிறான் என்று மிரட்டினாள். பாத்திரம் தேய்க்கிற என்னை, தேய்த்தது போதாது என்று திட்டினாள். ஒரு சாயங்காலம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், “யோவ், என் சைக்கிளுக்குக் காத்து அடிச்சு வை. டயர் சுவரோட கிடந்து வெடிப்பு விட்டுடப் போகுது” என்றாள். பம்பை எடுத்து அடித்தேன். கை வலிக்க வலிக்க அடித்தேன். டயரை விரலால் அழுத்திப் பார்த்தால் கல்லு மாதிரி இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து பம்பின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் எங்கே போகப்போகிறோம் என்று பேசிக்கொள்ளவில்லை. கழுத்துப் பாதையை வேலி போட்டு மூடிவிட்டார்கள் என்று மச்சான் எப்போதோ சொல்லியிருந்தார். அதையும் பேசவில்லை.

ஊசி குத்திப் பார்க்கிற பரிசோதனை, படம் எடுக்கிற பரிசோதனை என்று எல்லாம் முடிந்து, டாக்டர் அம்மா வரச் சொன்ன நாளில் மச்சானும் சேர்ந்து மூன்று பேரும் போனோம். சின்ன அறை. கதவைச் சாத்தியதும் வெளிச் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. மேஜை விளிம்பு என் இடுப்பில் இடித்தது. நாற்காலியை நிறுத்திப் பிரேக்கைப் போட்டேன்.

“கட்டைவிரல் அசையுதுன்னு சொன்னீங்கல்ல” என்று ஆரம்பித்தார் டாக்டர் அம்மா. நல்ல குரல். கெட்ட செய்தி சொல்வதற்கென்றே இப்படிக் குரல் வைத்திருப்பார்களோ என்னவோ. “அது நீங்க அசைக்கறது இல்லம்மா. தசை தானா துடிக்கறது. மூளையிலேர்ந்து கீழ எதுவும் போகல. இத்தனை நாள் கழிச்சு இனிமே போகும்னு சொல்லி உங்களை ஏமாத்த எனக்கு மனசு வரல.”

மச்சான் செருமினார். “வேற பெரிய ஆஸ்பத்திரி எதாவது… வெளியூர்ல…”

“தாராளமா போங்க. நான் எழுதித் தரேன். ஆனா எங்க போனாலும் இதைத்தான் சொல்வாங்க.”

கல்லு மாதிரி காற்றடித்து வைத்திருக்கிற அந்த டயர் என் நினைவுக்கு வந்தது. அதைப் போய் யார் இறக்குவது?

“சரி” என்றாள் ஹார்ன்.

மச்சானின் நாற்காலி கிறீச்சிட்டது. நான் அசையாமல் நின்றேன். அந்த அறையில் காற்று இல்லை. சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போக எதுவும் இல்லை. அதற்குப் பின்னால் இன்னும் ஏதாவது எழுத்து வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வரவில்லை. அவ்வளவுதான் அவள் சொன்னது.

“யோவ்” என்றாள். நாலு பேர் முன்னால் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “கேட்டுச்சா?”

பதில் வராவிட்டால் அவள் நின்றுவிடுவாள். குனிந்து, சக்கரத்தைத் தடவி, பிரேக் கம்பியைத் தேடி, பிரேக்கை விட்டேன்.

“சரி” என்றேன்.

“வலது” என்றாள். “கதவு.”

தள்ளினேன்.